எந்த வேலையை விட்டீங்க, ஆத்தா?

நேயர்களுக்கு வணக்கம். ராமநாதபுரம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவள் நான். இன்று இளைப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்பது புத்தகப் பெயர். சி.ஓ.பி.டி. என்று நாங்கள் சொல்வோம். ஊரில் இளைப்பு என்பார்கள், வீசிங் என்பார்கள். பல வீடுகளில் அந்தப் பெயர்கூட இல்லை, "வயசாச்சு" என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடுகிறது.

அந்த "வயசாச்சு"தான் எனக்குப் பெரிய எதிரி. ஏன் என்று சொல்கிறேன்.

அறுபதைத் தொடும் ஒரு அம்மா, மாதம் தவறாமல் பிரஷர் மாத்திரைக்கு வருவார். பீடி, சுருட்டு எதையும் கையால் தொட்டதில்லை. "மூச்சு வாங்குதா ஆத்தா?" என்று கேட்டால், "அதெல்லாம் இல்ல டாக்டரம்மா" என்பார். நானும் மாத்திரையை எழுதி அனுப்பிவிடுவேன். நான்கு வருடம் இப்படியே போனது. ஒரு நாள் கூட்டம் குறைவு. பேச்சுவாக்கில், "வீட்டுல தண்ணி யாரு எடுக்குறா?" என்று கேட்டேன்.

"பேத்திதான். முன்னெல்லாம் நானே தலையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு வச்சுட்டு வருவேன். அப்புறம் ஒரு குடமாச்சு. இப்ப போறதே இல்ல."

"சந்தைக்கு?"

"மகன் வாங்கியாந்துருவான்."

"கோயிலுக்கு?"

"தெருமுனைப் பிள்ளையாரோட சரி."

மூச்சு வாங்க வைக்கிற வேலைகளை ஒவ்வொன்றாக அவர் விட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அதனால்தான் அவருக்கு மூச்சு வாங்கவில்லை. எழுந்து என்னோடு வாசல் வேப்பமரம் வரை நடக்கச் சொன்னேன். திரும்பி வரும்போது பாதி வழியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உதட்டைக் குவித்து மெல்ல ஊதினார், அடுப்பை ஊதுகிற மாதிரி. அப்படி ஊதினால் உள்ளே இருக்கும் குழாய்கள் சட்டென்று மூடிக்கொள்ளாமல், காற்று கொஞ்சம் கூடுதலாக வெளியேறும். யாரும் கற்றுத்தராமலே அவருடைய உடம்பு அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. எனக்குத்தான் நான்கு வருடம் தெரியவில்லை.

அன்றோடு கேள்வியை மாற்றிக்கொண்டேன். "போன பொங்கலுக்கு முடிஞ்சு, இந்தப் பொங்கலுக்கு முடியாமப் போன வேலை எது?" என்றுதான் இப்போது கேட்கிறேன். நேயர்களே, உங்கள் வீட்டில் நாற்பதைத் தாண்டிய ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். கூடவே, காலையில் சளி வருகிறதா, ஒவ்வொரு மழைக்காலத்திலும் நெஞ்சுச் சளி கட்டுகிறதா என்றும் கேளுங்கள்.

சரி, பீடியே தொடாதவருக்கு இது எப்படி வந்தது? அடுப்புதான். பன்னிரண்டு வயதில் ஊதாங்குழலோடு அடுப்படியில் உட்கார்ந்தவர் அவர். சீமைக்கருவேல முள்ளும் பனைமட்டையும்தான் விறகு, மழை பெய்தால் அதுவும் ஈரம். அவருடைய வீட்டுக்காரர் கரிமூட்டம் போடப் போனவர். வெளியே மூட்டத்துப் புகை, உள்ளே அடுப்புப் புகை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இந்த நோயால் இறந்திருக்கிறார்கள். சிகரெட் பிடிக்கிற ஆண்களின் நோய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இப்போது வீட்டுக்கு வீடு கேஸ் வந்துவிட்டது, உண்மைதான். ஆனாலும் வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் விறகைத்தான் வைக்கிறோம். அதையாவது திறந்தவெளிக்கு மாற்றுங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பின் முன்னால் உட்காராதீர்கள்.

இந்த நோயில் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரிய கஷ்டம். கரி அடைத்த ஊதாங்குழலை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பைரோமெட்ரி என்ற பரிசோதனை அதைத்தான் அளக்கிறது. மூச்சை நிறைய இழுத்து, ஒரே வேகத்தில் முழுவதையும் ஊத வேண்டும். குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சிய பிறகும், ஊதிய மொத்தக் காற்றில் 70 சதவீதம்கூட முதல் ஒரு விநாடியில் வெளியே வரவில்லை என்றால், அடைப்பு இருக்கிறது. ஊசி, ரத்தம் எதுவும் கிடையாது. எழுதிக் கொடுத்தால் அவசியம் போய்வாருங்கள். ஆஸ்துமா பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்கும், வரும், போகும். இது மெல்ல ஏறும், முழுதாக இறங்காது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலோ, உடம்பு இளைத்தாலோ முதலில் சளிப் பரிசோதனை. காசநோயை வீசிங் என்று நினைத்துக்கொண்டு நாட்களைக் கடத்திவிடக் கூடாது.

மருந்துக்கு வருகிறேன். இது நான் எங்கே போனாலும் பேசுகிற விஷயம்.

அதே அம்மாவுக்குப் பொடி மருந்து உள்ள கேப்ஸ்யூல்களும், அதைப் போட்டு உறிஞ்சும் கருவியும் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்தும் முன்னேற்றம் இல்லை. மருந்தைக் கூட்டி எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். ஏதோ தோன்றியது, "எப்படி எடுக்குறீங்கன்னு செஞ்சு காட்டுங்க ஆத்தா" என்றேன். கேப்ஸ்யூலை வாயில் போட்டு, தண்ணீர் கேட்டார். மூன்று மாதமாக அதை விழுங்கியிருக்கிறார். கருவி பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பையிலேயே இருந்தது. தவறு அவருடையது இல்லை. எழுதித்தான் கொடுத்தேன், செய்து காட்டவில்லை.

அதனால் கேட்கிறேன். ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போதும் இன்ஹேலரைக் கையோடு எடுத்துப் போங்கள். கேட்காவிட்டாலும் அவர் முன்னால் செய்து காட்டுங்கள். பொடி மருந்து என்றால், முதலில் கருவியைத் தள்ளிவைத்து மூச்சை வெளியே விட்டுவிட்டு, பிறகு வேகமாக உறிஞ்சுங்கள். அழுத்தினால் பீய்ச்சும் பஃப் என்றால் நேர் எதிர், மெதுவாக உறிஞ்ச வேண்டும். இரண்டிலும் மூச்சைப் பத்து எண்ணும் வரை பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். இதுவும் பழகப் பழகத்தான் வரும். அழுத்துவதும் உறிஞ்சுவதும் ஒத்துவராத முதியவர்களுக்கு நடுவில் ஸ்பேசர் என்ற குடுவை வேண்டும். அது கிடைக்காத இடத்தில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். 1999-ல் கேப்டவுன் மருத்துவர்கள் ஆஸ்துமா வந்த குழந்தைகளிடம் பார்த்தார்கள். பஃப்பின் வாய் இறுக்கமாக நுழையும் அளவு அடிப்பக்கத்தில் துளை போட்டு, இடைவெளி இல்லாமல் ஒட்டிய பாட்டில், கடை ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது. செவிலியரிடம் கேளுங்கள், செய்து தருவார்.

"பஃப் வச்சா பழக்கமாயிரும், ஊசி போடுங்க" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இளைப்பு அடங்குவதற்காக அடிக்கடி போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசி சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும். உறிஞ்சும் மருந்து துளி அளவுதான், அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது.

நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். உடற்பயிற்சியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முடியவில்லை. தினமும் நடங்கள், மூச்சு வாங்கினால் நின்று, உதட்டைக் குவித்து ஊதிவிட்டு மறுபடி நடங்கள். பீடி, சிகரெட்டை எந்த வயதில் விட்டாலும் நுரையீரல் கெடும் வேகம் குறையும். உதவிக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஃப்ளூ தடுப்பூசி வருடத்துக்கு ஒரு முறை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, மூச்சிரைப்பும் கூடினால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, ஆள் மயங்கி மயங்கித் தூங்குகிறார் என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டியில் வருபவரிடம் இது பழைய நுரையீரல் நோய் என்று சொல்லுங்கள். இவர்களுக்கு ஆக்சிஜனை அளந்துதான் வைக்க வேண்டும், விரலில் மாட்டும் கருவியில் 88-லிருந்து 92-க்குள் நின்றால் போதும். வணக்கம்.