கந்தகத்தைப் பிடித்து வைப்பது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். லித்தியம்-கந்தக பேட்டரியைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் அதன் நேர்முனையான கேத்தோடைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். இந்த பேட்டரி இன்னும் கடைகளுக்கு வராததற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

கைப்பேசி பேட்டரிகளின் கேத்தோடு பெரும்பாலும் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. அதில் ஒரு கிராம், நடைமுறையில் 150 முதல் 180 மில்லி ஆம்பியர்-மணி வரை தரும். ஒரு கிராம் கந்தகமோ, கோட்பாட்டின்படி 1,675 தர வல்லது. மின்னழுத்தம் குறைவு, சுமார் 2.1 வோல்ட்தான். அப்படியும் எடைக்கு எடை பார்த்தால் கந்தகத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது. விலையும் மலிவு. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் பிரித்தெடுத்த கந்தகம் மலைபோல் குவிந்து கிடக்கிறது.

சரி, சிக்கல் என்ன? கந்தகம் மின்சாரத்தைக் கடத்தாது. லித்தியம் உள்ளே வந்ததும் அதன் பருமன் 80 சதவீதம் கூடும், சார்ஜ் ஏற்றும்போது மறுபடி சுருங்கும். இப்படி உப்பிச் சுருங்கியே கேத்தோடு விரிசல் விடும். இவற்றைவிடப் பெரிய தொல்லை இன்னொன்று. எட்டு அணுக்கள் கொண்ட கந்தக வளையம் படிப்படியாக உடையும்போது, நடுவில் பாலிசல்பைடுகள் என்ற லித்தியம்-கந்தகச் சேர்மங்கள் உண்டாகின்றன. அவை இரு முனைகளுக்கும் நடுவே அயனிகளைக் கடத்தும் திரவமான எலக்ட்ரோலைட்டில் கரைந்து, எதிர்ப்பக்கத்து லித்தியம் வரை போய், அங்கே வினைபுரிந்து திரும்பி வருகின்றன. ஏற்றிய மின்சாரம் வீணாகிறது, கந்தகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போகிறது.

2009இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நாசரின் குழு செய்த வேலைதான் இந்தத் துறைக்குப் புத்துயிர் தந்தது. 3, 4 நானோமீட்டர் அகலக் கால்வாய்கள் ஓடும் கார்பனை எடுத்துக்கொண்டு, கந்தகத்தை 155 டிகிரியில் உருக்கி உள்ளே இறங்க விட்டார்கள். அந்த வெப்பநிலையைத் தேர்ந்தெடுத்ததுதான் நுட்பம். உருகிய கந்தகம் அந்த அளவில்தான் மிக நீர்த்து ஓடும். 160 டிகிரியைத் தாண்டினாலோ வளையங்கள் பிரிந்து நீண்ட சங்கிலிகளாகி, பாகுபோலக் கெட்டியாகிவிடும். கால்வாய்களை அவர்கள் முழுக்க நிரப்பவும் இல்லை. கந்தகம் உப்புவதற்கு இடம் விட்டார்கள். அதில் ஒரு கிராம் கந்தகத்துக்கு 1,320 மில்லி ஆம்பியர்-மணி வரை கிடைத்தது.

ஆனால் கார்பனின் மேற்பரப்புக்குப் பாலிசல்பைடை இழுத்துப் பிடிக்கும் வலு போதாது. உலோக ஆக்சைடுகளுக்கு அது உண்டு. 2013இல் ஸ்டான்ஃபோர்டில் யி சூயின் குழு, டைட்டானியம் டை ஆக்சைடு ஓட்டுக்குள் கந்தகத்தை, முட்டைக்குள் மஞ்சள் கரு இருப்பதுபோல இடைவெளி விட்டு வைத்தது. ஒருமுறை சார்ஜ் ஏற்றி இறக்குவதை ஒரு சுழற்சி என்போம்; ஆயிரம் சுழற்சிகள் தாண்டியும் அது வேலை செய்தது. டெக்சாஸில் ஆறுமுகம் மந்திரம் வேறு வழியில் போனார். கேத்தோடுக்கும், இரு முனைகளும் தொடாமல் தடுக்கும் பிரிப்பானுக்கும் நடுவே ஒரு கார்பன் தாளைச் செருகினார். தப்பி வரும் பாலிசல்பைடு அதிலேயே தங்கி, மறுபடி வினைக்கு வந்துவிடும். மந்திரம் தமிழ்நாட்டின் தென்கோடிக் கிராமமான அமராபுரத்தில் பிறந்தவர். லித்தியம்-அயான் பேட்டரிக்காக நோபல் பரிசு பெற்ற ஜான் குட்இனஃபின் நோபல் உரையை 2019இல் ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நிகழ்த்தியவரும் இவரே. அவர் தந்த தீர்வின் எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

2022இல் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் விபா கல்ராவின் குழுவுக்கு ஓர் ஆச்சரியம் கிடைத்தது. வழக்கமாக உயர் வெப்பத்தில் மட்டுமே நிலைக்கும் காமா வகைக் கந்தகப் படிகம், கார்பன் இழைகளின் மேல் அறை வெப்பநிலையிலேயே நின்றது. சாதாரண லித்தியம்-அயான் பேட்டரிகளில் ஊற்றும் கார்பனேட் எலக்ட்ரோலைட்டிலேயே அது 4,000 சுழற்சிகள் ஓடியது.

இத்தனை வெற்றிக்குப் பிறகும் ஏன் தாமதம்? ஆய்வகங்களில் பல ஆண்டுகளாக மெல்லிய கேத்தோடுகளைத்தான் சோதிக்கிறோம். சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் கந்தகம் பூசி, எலக்ட்ரோலைட்டைத் தாராளமாக ஊற்றினால் பெரிய எண்கள் வரும். உண்மையான பேட்டரிக்கு ஐந்து மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் வேண்டும், எலக்ட்ரோலைட்டோ மிகக் குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கந்தகத்தால் குறைத்த எடையை எலக்ட்ரோலைட் திரும்ப ஏற்றிவிடும். கனமான ஆக்சைடுகளை அள்ளிப் போட்டாலும் இதே கதிதான். அதனால்தான் 2020இல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் மஹ்தோக்த் ஷைபானியும் சகாக்களும் செய்ததை உயர்வாக மதிக்கிறேன். புதுப் பொருள் எதையும் தேடாமல், துகள்களை ஒட்டும் பைண்டரைக் குறைத்து, துகளுக்குத் துகள் பாலம் மட்டும் அமையும்படி கலந்தார்கள். நடுவில் இடம் கிடைத்ததால் தடித்த கேத்தோடும் உடையாமல் உப்பிச் சுருங்கியது.

எடைதான் முக்கியம், ஆயுள் அப்புறம் என்ற இடத்தில் இந்த பேட்டரி ஏற்கெனவே உழைத்திருக்கிறது. 2010 ஜூலையில் செஃபிர் என்ற ஆளில்லா சூரியசக்தி விமானம், இரவில் லித்தியம்-கந்தக பேட்டரியை நம்பி, அரிசோனா வானில் 14 நாள் தரையிறங்காமல் பறந்தது. அதே வேதியியல் நம் தெருவில் ஓடும் ஸ்கூட்டருக்கு வர வேண்டுமானால், தடித்த கேத்தோடும் குறைந்த எலக்ட்ரோலைட்டுமாகப் பல நூறு சுழற்சிகளைத் தாண்டிக் காட்ட வேண்டும். எங்கள் ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் அந்த நிலையில் எடுத்த அளவுகளையே முதலில் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

நன்றி, வணக்கம்.