சேலைக்குப் பின்னால் இரண்டு ஆம்ப்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இசையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. சத்தத்தைப் பற்றி வேண்டுமானால் கொஞ்சம் பேசுவேன். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 28 ஆண்டு வேலை பார்த்தவள் நான். முதல் 9 ஆண்டு மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, முடியை விடவும் மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் மேல் ஒட்டும் வேலை. பிறகு டெஸ்ட் பிரிவுக்கு மாற்றினார்கள். 1972-ல் அந்தத் தொழில்பேட்டை வந்ததும் இன்டெல், ஏஎம்டி, ஹிட்டாச்சி என்று கம்பெனிகள் வரிசையாக வந்திறங்கின. எங்கள் தெருவில் முக்கால்வாசி அக்காமார் பேக்டரி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போனவர்கள்தாம். எங்கள் சில்லுக்குள் இருப்பதெல்லாம் டிரான்சிஸ்டர்தான். ஆகவே டிரான்சிஸ்டரை யாராவது குறை சொன்னால், எங்கள் வீட்டுப் பிள்ளையைச் சொன்னது மாதிரி எனக்குச் சுருக்கென்றிருக்கும்.

சொன்னவர் என் அண்ணன். வேலை ஓய்வு பெற்ற கையோடு ஜார்ஜ்டவுனில் ஒரு கடையிலிருந்து வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கி வந்தார். பாட்டின் மின் சைகையைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி; சுருக்கமாக ஆம்ப். தூக்க இரண்டு ஆள் வேண்டும். மேலே கண்ணாடிக் குடுவைகள், உள்ளே மங்கலான ஆரஞ்சு வெளிச்சம். விலையைக் கேட்டு அண்ணி இரண்டு நாள் பேசவில்லை. "கேட்டியா தங்கச்சி, இதுதான் உயிருள்ள சத்தம். நீங்க செஞ்ச டிரான்சிஸ்டர்ல வர்றதெல்லாம் தகரச் சத்தம்" என்றார். கடைக்காரர் கொடுத்த வண்ணத் தாளிலும் அதையேதான் போட்டிருந்தது: வெதுவெதுப்பு, ஆத்மா, காற்றோட்டம். காற்றோட்டம் என்பது சன்னலுக்குச் சொல்கிற வார்த்தை என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று முதலில் பார்த்துவிடலாம். வால்வு என்பது காற்று உறிஞ்சப்பட்ட கண்ணாடிக் குடுவை. உள்ளே ஒரு இழை சூடாகி எலெக்ட்ரான்களைக் கக்கும். நடுவில் ஒரு கம்பி வலை. அந்த வலைக்குக் கொடுக்கும் சின்ன மின்னழுத்தம், எதிர்ப்புறத் தகட்டுக்குப் போகும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டி வைக்கும். அமெரிக்கர் லீ டி ஃபாரஸ்ட் 1906-ல் செய்த ஆடியானிலிருந்து வந்த சங்கதி இது. டிரான்சிஸ்டர் அதே வேலையைக் கெட்டியான ஒரு துண்டுப் பொருளுக்குள் செய்கிறது; 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. வால்வு செத்துப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். உங்கள் மைக்ரோவேவ் அடுப்பில் சோற்றைச் சூடாக்கும் மேக்னட்ரானும் ஒரு வெற்றிடக் குழாய்தான்.

அண்ணன் சொன்னதில் பழைய உண்மை ஒன்று இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1960-களில் வந்த முதல் டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் பல நிஜமாகவே மோசமானவை. அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் சுமக்கும்; ஒன்று விட்டு மற்றது பிடிக்கிற இடத்தில் ஒரு சின்னத் தடுமாற்றம் விழும். பல்லக்குத் தூக்கிகள் தோள் மாற்றுவது மாதிரி. சத்தம் பெரிதாக இருக்கும்போது அது அமுங்கிப்போகும். மெதுவாகப் பாட வைத்தால் வீணையின் கடைசி அதிர்வில் கரகரப்பாகத் தலை நீட்டும். விளம்பரத்தில் போட்ட திரிபு எண்ணோ, அதாவது ஆம்ப் அலையை எவ்வளவு கெடுக்கிறது என்ற அளவோ, முழு வால்யூமில் அளந்தது. தாளில் சுத்தம், காதில் உறுத்தல். அப்போது ஏற்பட்ட கெட்ட பெயர் பேரன் காலம் வரைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் குறையைச் சரிசெய்யும் வித்தையைப் பொறியாளர்கள் கற்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இன்று நாம் கேட்கும் ஒலிப்பதிவுகளில் பெரும்பாலானவை ஸ்டுடியோவிலேயே டஜன் கணக்கான சில்லுகளைத் தாண்டித்தான் வருகின்றன. அங்கே போன உயிர், கடைசியில் ஒரு கண்ணாடிக் குடுவையைத் தாண்டியதும் திரும்பி வந்துவிடுமா?

அண்ணனிடம் வாதாடிப் பயனில்லை. டெஸ்ட் பிரிவுக்காரி வேறென்ன செய்வாள்? டெஸ்ட் வைத்தேன்.

என் பழைய டிரான்சிஸ்டர் ஆம்பையும் அவருடையதையும் அருகருகே வைத்து, குறுக்கே அண்ணியின் சேலை ஒன்றைத் திரையாகக் கட்டினேன். ஸ்பீக்கர் ஒரே ஜோடி. நடுவில் மாற்றும் சுவிட்ச். சும்மா இருக்கும் வால்வு ஆம்புக்கு ஸ்பீக்கருக்குப் பதிலாகப் பெரிய ரெசிஸ்டர், அதாவது மின்தடை. சுமை இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அதன் வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் போய்விடக்கூடும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று திருகாதீர்கள். அதைவிட முக்கியம், அடித்தட்டைத் திறக்காதீர்கள். உள்ளே 400 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைச் சேமிக்கும் கப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

பாடுவது எந்த ஆம்ப் என்று சொல்ல வேண்டும். முதல் சுற்றில் 10-க்கு 10 சரியாகச் சொன்னார் அண்ணன். மார்பை நிமிர்த்திக்கொண்டார். அது நான் வேண்டுமென்றே விட்ட ஓட்டை. சத்த அளவைச் சமப்படுத்தவில்லை. டெசிபெல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு; வால்வு ஆம்ப் ஒரு டெசிபெலுக்குச் சற்றுக் கூடுதலாக ஒலித்தது. அவ்வளவு சின்ன வித்தியாசத்தை நம் காது 'சத்தம் கூட' என்று எடுத்துக்கொள்ளாது. 'தெளிவு கூட', 'நிறைவு கூட' என்றுதான் எடுத்துக்கொள்ளும். கடைகளில் எந்தப் பெட்டியை விற்க வேண்டுமோ அதன் வால்யூம் அரை நூல் கூடியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தெரிந்து செய்கிறார்களா, பழக்க தோஷமா, தெரியவில்லை.

இரண்டாவது சுற்றுக்கு மல்டிமீட்டரை எடுத்தேன். 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் ஒன்று 2.00 வோல்ட் காட்டினால் மற்றது 2.02-ஐத் தாண்டக்கூடாது. அதுதான் பத்தில் ஒரு டெசிபெல். இந்த முறை 16 தடவை மாற்றிப் போட்டேன். குருட்டாம்போக்கில் சொன்னால் 12-ம் அதற்கு மேலும் சரியாக வருவது நூற்றுக்கு 4 தடவைதான். அண்ணன் 14 சரியாகச் சொன்னார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. இரவெல்லாம் யோசித்தேன். மறுநாள் 8 ஓம், 16 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அலகு) ரெசிஸ்டர்களை மாற்றிப் போட்டு அவருடைய ஆம்பை அளந்தேன். அப்போதுதான் கள்ளன் பிடிபட்டான்.

அவருடையது 300பி என்ற வால்வு வைத்த ஆம்ப். 1930-களில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் செய்த குழாயின் வடிவம். பக்கத்துக்கு ஒரு குழாய், சுமார் 8 வாட். இந்த மாதிரி ஆம்ப்புக்குள்ளேயே ஒரு தடை உட்கார்ந்திருக்கிறது. இவருடையதில் ஏறக்குறைய 2 ஓம். என்னுடையதில் அது கிட்டத்தட்ட பூஜ்யம். சரி, அதனால் என்ன? ஸ்பீக்கர் பின்னால் '8 ஓம்' என்று எழுதியிருப்பது ஒரு பேச்சுக்குத்தான். எங்கள் வீட்டு ஸ்பீக்கர் ஆழமான பாஸில், அதாவது அடித்தொண்டைச் சத்தத்தில், ஓரிடத்தில் 30 ஓம் வரை ஏறுகிறது, வேறோரிடத்தில் 6 ஓமுக்கு இறங்குகிறது. 2 ஓம் தடையோடு கணக்குப் போட்டால், 30 ஓம் இருக்கும் இடத்தில் சத்தம் மற்ற இடத்தை விட ஏறக்குறைய 2 டெசிபெல் கூடிவிடும். ஆக, ஸ்பீக்கரின் மேடுபள்ளங்களையே பார்த்து ஆம்ப் தானாக பாஸைக் கொஞ்சம் திருகிக் கொடுக்கிறது. அண்ணன் கேட்ட 'வெதுவெதுப்பு' அது. பொய் கேட்கவில்லை அவர். காது சரியாகத்தான் வேலை செய்தது. காரணத்தைத்தான் கடைக்காரர் ஆத்மாவில் கொண்டுபோய் ஒட்டியிருந்தார். வேறு ஸ்பீக்கரை மாட்டினால் அதே ஆம்ப் வேறு மாதிரி பாடும். வண்ணத் தாளில் அந்த ஒரு வரிக்கு மட்டும் இடமில்லை.

திரிபும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். இப்படி ஒற்றைக் குழாயில் ஓடும் ஆம்ப் இரண்டாவது மேற்சுரத்தை, அதாவது அசல் ஸ்வரத்தின் இரு மடங்கு அதிர்வெண்ணை, தாராளமாகச் சேர்க்கும். ஷட்ஜம் போட்டால் இரண்டாவது மேற்சுரம் மேல் ஷட்ஜம். மூன்றாவது மேல் பஞ்சமம். இரண்டும் உறவுக்காரர்கள், வந்து உட்கார்ந்தாலும் உறுத்தாது. ஏழாவது போன்றவைதான் எந்த ஸ்வரத்தோடும் சேராமல் இடிக்கும். ஆம்பை அதன் சக்தி எல்லை மீறி விரட்டும்போது இந்த வித்தியாசம் பெரிதாகும். வால்வு அலையின் உச்சியை மெல்ல வளைக்கும். டிரான்சிஸ்டர் கத்தியால் சீவின மாதிரி வெட்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகிற வழியில், ஒரு தண்ணீர்ப் பந்தலின் ஸ்பீக்கர் அடுத்த பந்தலை முந்தப் பார்க்கும்போது காதைக் கிழிக்கிறதே, அது சீவப்பட்ட சத்தம். 1973-ல் ரஸ்ஸல் ஹாம் என்பவர் ஒலிப் பொறியாளர்களின் ஆய்விதழில் எழுதிய கட்டுரையைக் காட்டி இன்றும் வால்வு விற்கிறார்கள். அவர் ஆராய்ந்தது ஒலிப்பதிவுக் கூடத்தின் மைக் பெருக்கிகளை எல்லை மீற விரட்டும்போது என்ன ஆகும் என்பதை. வரவேற்பறையில் காப்பி குடித்தபடி பாட்டுக் கேட்பதை அல்ல.

கிட்டார் வாசிப்பவர்கள் என்னைத் திட்ட வேண்டாம். உங்கள் ஆம்ப் வாத்தியத்தின் ஒரு பாகம். தம்பூராவின் பாலத்தில் நூல் செருகி நாதத்தைக் கூட்டுகிறோமே, அந்த மாதிரி. அங்கே திரிபுதான் சரக்கு. வால்வையே வாங்குங்கள்.

மூன்றாவது சுற்றுக்கு வருகிறேன். என் டிரான்சிஸ்டர் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில், பக்கத்துக்கு ஒன்றாக 2 ஓம் ரெசிஸ்டர் மாட்டினேன். செங்கல் துண்டு மாதிரி வெள்ளையாக இருக்குமே, அந்த சிமென்ட் ரெசிஸ்டர். ஒரு ரொட்டி சானாய் விலைகூட இல்லை. சத்தத்தை மறுபடி சமப்படுத்தி, 8 வாட்டின் எல்லைக்கு மிகக் கீழேயே வைத்துக்கொண்டேன். பழைய நாதஸ்வர ரெக்கார்டு, ஒரு பெண் குரல், கொஞ்சம் தவில். 16-க்கு 9. பூவா தலையா போட்ட கணக்கு.

இது என் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 1985-ல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், தன் டிரான்சிஸ்டர் ஆம்பை ஒரு விலையுயர்ந்த வால்வு ஆம்பைப் போலவே ஒலிக்க வைக்கிறேன் என்று ஸ்டீரியோஃபைல் பத்திரிகையிடம் சவால் விட்டார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, அது அடங்கும்வரை தன் பெட்டியைத் திருத்திக்கொண்டே போனார். கடைசியில் விமர்சகர்களுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. வால்வு பிரியர்களுக்கு அது கசந்தது. எனக்கு அது வால்வைத் தாழ்த்தியதாகவும் படவில்லை. அந்தச் சத்தம் பிடித்திருந்தால் அதைப் பெற மலிவான வழியும் உண்டு, அவ்வளவுதான் விஷயம்.

டிரான்சிஸ்டர் விற்பவர்களும் யோக்கியர்கள் அல்ல. மினி காம்போ பெட்டியில் '5,000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று தங்க எழுத்து. பின்னால் குனிந்து பார்த்தால் அது உறிஞ்சும் மின்சாரம் 80 வாட்! நம் ஊர் பிளக்கில் இருப்பது 13 ஆம்பியர் ஃபியூஸ். மொத்தமே ஏறக்குறைய 3,000 வாட்தான் அதன் வழியே போகும். மீதியை எந்தக் கிணற்றிலிருந்து இறைக்கிறார்கள்? பி.எம்.பி.ஓ. என்றால் கணநேர உச்ச வாட் என்று சொல்லிக்கொள்கிற எண்; அதற்கு ஒரு பொது அளவுகோலே கிடையாது. இந்த மாதிரிக் கூத்தைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் 1974-லேயே ஆம்ப் வாட்டை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று சட்டவிதி போட்டார்கள்.

இப்போது இரண்டு பொய்யையும் கலந்து ஒரே பெட்டியில் விற்கிறார்கள். உள்ளே வேலையெல்லாம் ஒரு சின்னச் சில்லு செய்யும். மேலே அலங்காரத்துக்கு இரண்டு குட்டி வால்வு, அடியில் ஆரஞ்சு எல்.இ.டி. விளக்கு. குடுவை குளிர்ந்து கிடக்க, வெளிச்சம் மட்டும் ஜொலிக்கும். முல்லார்ட் என்ற பெயர்பெற்ற கம்பெனியின் பழைய குழாய் என்று லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் யாராவது நீட்டினாலும் நிதானம் தேவை. அசல், இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்தது. இன்று அதே பெயரில் வரும் புதுக் குழாய்கள் ரஷ்யாவின் சராத்தோவிலிருந்து வருகின்றன. நல்ல குழாய்கள்தாம், அதில் குறையில்லை. பழைய பெயருக்காகப் பழைய விலையைக் கொடுக்காதீர்கள்.

அண்ணன் வால்வு ஆம்பை விற்கவில்லை. சும்மா இருக்கும்போதே 150 வாட்டுக்கு மேல் இழுக்கிறது, மாலையில் மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறார். மூன்றாவது சுற்று முடிந்ததும் சேலையை விலக்கி அந்த வெள்ளைத் துண்டைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுதானா?"

"இதுதான் அண்ணே."

"சரி. ராத்திரி லைட்டை அணைச்சா இது எரியுமா?"

"எரிஞ்சா உடனே பிளக்கைப் பிடுங்கணும்" என்றேன்.

வணக்கம் நேயர்களே.