எவரும் வெட்டச் சொல்லாத காட்சிகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் ஒருவருடைய கை ஒருவிதமாக அசைவது தற்செயலாக நேர்ந்துவிடலாம். அனிமேஷன் படத்தில் அதற்கு இடமில்லை. நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடும் அந்தத் திரையில் ஒரு புருவம் உயர வேண்டுமென்றால், யாரோ ஒருவர் மேசை முன் அமர்ந்து அதைத் தீர்மானித்து வரைந்தாக வேண்டும். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் இத்தகைய படங்களில் தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் எப்படிக் காட்டப்பட்டார்கள் என்று கேட்கும்போது, அந்தத் தீர்மானங்களைப் பற்றித்தான் கேட்கிறோம்.

1994இல் வெளிவந்த 'தி லயன் கிங்' படத்தில், இளவரசனை நாட்டுக்குக் காட்டிய விழாவுக்கு ஏன் வரவில்லை என்று கதையின் வில்லனான ஸ்கார் என்னும் சிங்கத்தை, அவன் அண்ணனும் அரசனுமான முஃபாசா கேட்கிறான். ஸ்கார் தன் நகங்களைப் பாறையில் காது கூசும்படி கீறிவிட்டு, பாதத்தை முகத்தருகே தூக்கி அவற்றின் அழகைப் பார்த்தவாறே, அது இன்றைக்கா என்று இழுத்து இழுத்துப் பேசுகிறான். மெலிந்த உடல், ஒயிலான நடை, நாக்கு நிறைய நஞ்சு. அவன் யாரை விரும்புகிறான் என்று படம் ஓரிடத்திலும் சொல்வதில்லை. ஆனால், 'அந்த மாதிரி ஆள்' என்று நம்மூரில் குரலைத் தாழ்த்துவார்களே, அந்தக் குறிப்பு முழுவதும் அங்கே இருக்கிறது.

இப்படிச் சொல்லாமல் சொல்வதற்கு ஒரு வரலாறு உண்டு. ஹாலிவுட்டில் 1934 முதல் 1968 வரை கோலோச்சிய 'ஹேஸ் கோட்' என்னும் தணிக்கை நெறி, 'பாலியல் பிறழ்வு' என்று தான் பெயரிட்டதைக் காட்டவும் கூடாது, கோடிகாட்டவும் கூடாது என்றது. வெளிப்படையாகச் சொல்ல வழியில்லாதபோது சைகை மட்டுமே மிஞ்சியது. அந்தச் சைகைக்குரியவர் கேலிக்கோ தண்டனைக்கோ உரியவராகவே இருந்தார். விதி போன பின்னும் பழக்கம் போகவில்லை.

இங்கே ஒரு சிக்கலை நான் மறைக்க விரும்பவில்லை. ஸ்காருக்கு உயிர் கொடுத்த முதன்மை ஓவியர் ஆண்ட்ரியாஸ் டேஜா, தாம் தன்பாலீர்ப்பு கொண்டவர் என்பதை ஒளிக்காதவர். 'அலாவுதீன்' படத்தின் வில்லன் ஜாஃபாரும் அவர் கைவண்ணமே. 1989இன் 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்துச் சூனியக்காரி உர்சுலாவின் தோற்றம், பெண்வேடமிட்டு மேடையேறிய டிவைன் என்னும் ஆண் கலைஞரைப் பார்த்து உருவானது. அவள் பாடும் பாடலை எழுதிய ஹோவர்ட் ஆஷ்மனும் தன்பாலீர்ப்பு கொண்டவர். டிவைன் பிறந்த பால்டிமோர் நகரிலேயே பிறந்தவர். 1991 மார்ச்சில் எய்ட்ஸ் நோயால் இறந்தார். தங்களை இழிவுபடுத்திக்கொள்ளவா இவர்கள் வரைந்தார்கள், எழுதினார்கள்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் படத்தில் இளவரசனைவிட உர்சுலாவிடம்தான் உயிர்த்துடிப்பு அதிகம். அனுமதிக்கப்பட்ட ஒரே மூலையில் தங்கள் உலகத்தின் குறும்பையும் கொண்டாட்டத்தையும் அவர்கள் ஒளித்துவைத்தார்கள் என்றே கருதுகிறேன். ஆயினும் அந்தக் குறும்பு விஷயமறிந்தவருக்கே விளங்கும். ஆறு வயதுக் குழந்தையின் மனத்தில் பதிவதோ, ஒயிலாக நடக்கும் ஆண் நம்பத்தகாதவன் என்பதுதான்.

ஸ்காரின் அந்த ஒயிலுக்காக எந்த நாடும் படத்தைத் தடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 2020இல் வந்த 'ஆன்வர்ட்' படத்தில், ஒரு பெண் காவலர் தன் காதலியின் மகளைப் பற்றி ஒரே ஒரு வரி பேசினார். சவூதி அரேபியா, குவைத் முதலிய நாடுகள் படத்தைத் திரையிடவில்லை, ரஷ்ய மொழிமாற்றத்தில் 'காதலி' என்ற சொல்லே பொதுவான ஒரு சொல்லாகிவிட்டது. 2022இன் 'லைட்இயர்' படத்தில் இரு பெண்கள் முத்தமிட்டுக்கொள்ளும் கணநேரக் காட்சி தயாரிப்பின்போதே நீக்கப்பட்டு, படத்தை எடுத்த பிக்ஸார் ஸ்டுடியோ ஊழியர்களின் எதிர்ப்புக்குப் பின் மீண்டும் இடம்பெற்றது. அதற்காகவே ஐக்கிய அரபு அமீரகம் படத்தைத் தடைசெய்தது. இழிவான குறிப்பு பாத்திரத்தின் எலும்பு வரை ஊறியிருந்தது, கண்ணியமான குறிப்போ கத்தரிக்கோலுக்கு வசதியாக ஓரத்தில் ஒட்டப்பட்டிருந்தது. ஸ்டுடியோக்களின் துணிவை இதை வைத்தே நான் எடைபோடுகிறேன்.

தொலைக்காட்சி கொஞ்சம் முன்னே சென்றது. 2019 மே மாதம், 'ஆர்தர்' என்னும் அமெரிக்கக் குழந்தைகள் அனிமேஷன் தொடரில் ராட்பர்ன் ஆசிரியருக்குத் திருமணம்; அவர் கைகோத்து வருவது பேட்ரிக் என்னும் ஆணோடு. அலபாமா மாநிலப் பொதுத் தொலைக்காட்சி அந்தப் பகுதியை ஒளிபரப்ப மறுத்துவிட்டது. திரையிலிருந்த மாணவர்களுக்கு மணமகன் ஆண் என்பதில் ஒரு குறையுமில்லை. விருந்தில் ஆசிரியர் ஆடத் தொடங்கியதும்தான் அவர்கள் முகம் சுளிக்கிறார்கள்: ஆசிரியர்கள் ஒருபோதும் செய்யக்கூடாத ஒன்று உண்டென்றால், அது நடனமாம்.