பூவாளி யார் கையில்?

எல்லோருக்கும் வணக்கம். பெற்றோர்களும் சிறப்புப் பள்ளி ஆசிரியர்களும் நிறைய வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். தோட்ட வேலையைச் சிகிச்சையாகத் தொடங்கும் பல இடங்களில், ‘பாவம், சிரமப்படுகிறாரே’ என்று வேலையை நாமே செய்துவிடுகிறோம்.

நானும் அதைத்தான் செய்தேன். பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கை விழுந்துவிட்டது. திண்ணையில் இரண்டு தொட்டி வைத்து, நானே விதைத்து, நானே தண்ணீர் ஊற்றினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, களைக்கொத்தியின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தேன். பிடி கையில் நின்றது. கீரை விதை விரலில் நிற்காது. அதனால் அவரைக்காய் விதை கொடுத்தேன். ஒரு விதையைக் குழியில் போட ஐந்து நிமிடம் ஆனது. இரண்டு முறை நழுவி விழுந்தது. உதவாமல் பக்கத்தில் நிற்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. ஆறாம் நாள் விடியற்காலையில், “முளைச்சிருக்கு, வந்து பாரு” என்று என்னை எழுப்பினார்.

1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லம். ஒரு மாடியில் இருந்தவர்களிடம் செடியைக் கொடுத்து, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இன்னொரு மாடியிலும் செடி உண்டு. தண்ணீர் ஊற்றியது செவிலியர். செடியோடு, அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த நாள் படம் பார்ப்பது என்பதும் முதல் மாடிக்காரர்கள் விருப்பம். மூன்றே வாரத்தில் அவர்கள் கூடுதல் சுறுசுறுப்போடு இருந்தார்கள். மற்றவர்களோடு கலந்து பழகினார்கள்.

ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு ஈர மண் கையில் பட்டாலே தாங்காது. கட்டாயப்படுத்தாதீர்கள். காய்ந்த தென்னை நார்க்கழிவும் ஒரு கரண்டியும் போதும். சக்கர நாற்காலிக்காரருக்கு முழங்கால் உள்ளே போகிற மாதிரி மேசை உயரத்தில் பாத்தி வேண்டும். ஒரு பக்கமிருந்தே கை எட்டுவதற்கு இரண்டடி அகலம் சரி. பார்வையில்லாதவர் கற்பூரவல்லியைக் கசக்கி முகர்ந்தே கண்டுகொள்வார். ஞாபகமறதி உள்ளவர்கள் எதையும் வாயில் வைத்துவிடலாம். அங்கே அரளியும் ஊமத்தையும் கூடவே கூடாது.

வாசலில் அவரை விதை வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு கைப்பிடி எடுத்துப் போங்கள். குழி தோண்டுவதிலிருந்து அவர்களிடமே விட்டுவிடுங்கள்.