பழைய பிக்கப்பில் சின்னச் சின்ன மாற்றங்கள்

வணக்கம் நேயர்களே. பழைய பிக்கப் வண்டியின் பாடியில் மாற்றம் செய்யப் போகிறேன் என்று யாராவது சொன்னால், கூரையை வெட்டி இறக்குவதும் பெரிய சக்கரம் மாட்டுவதும்தான் பலருக்கு ஞாபகம் வரும். எனக்கு அதில் ஆர்வமே இல்லை. 1947 முதல் 1955 வரை வந்த செவர்லே பிக்கப்பையோ, 1953 முதல் 1956 வரை வந்த ஃபோர்டு எஃப்-100-ஐயோ பக்கவாட்டில் நின்று பாருங்கள், மட்கார்டும் பானெட்டும் கூரையும் ஏற்கெனவே அழகாகத்தான் வளைந்திருக்கின்றன, அந்த வடிவத்தில் கை வைக்காமல், மேலே துருத்திக்கொண்டு நிற்பவற்றை மட்டும் அடக்கினால் போதும் என்பதுதான் என் கட்சி. வண்டியை நன்றாகத் தெரிந்தவரும் என்னவோ மாறியிருக்கிறதே என்று இன்னொரு சுற்று வர வேண்டும்.

இதை வண்டிக் கம்பெனியே செய்து காட்டியிருக்கிறது. 1955-இல் செவர்லே கொண்டுவந்த கேமியோ கேரியரில், பின்பக்கச் சரக்குத் தொட்டிக்கு இருபுறமும் ஃபைபர்கிளாஸ் பலகையைப் போர்த்தி, கேபினும் தொட்டியும் ஒரே மட்டமாகத் தெரியும்படி செய்தார்கள். சரக்கு ஏற்றும் வண்டிதான், ஆனால் பார்வைக்கு எவ்வளவு சுத்தம்!

நான் முதலில் பார்ப்பது பம்பரை. பழைய பம்பர் பாடியை விட்டுத் தள்ளி நிற்கும், முகத்தில் போல்ட்டுத் தலைகள் வேறு. தாங்கியைக் குட்டையாக்கி அதை உள்ளே இழுங்கள், ஓரங்களை மட்கார்டின் வளைவுக்கு ஏற்ப வெட்டிச் சேருங்கள், போல்ட்டை பின்பக்கமாக வெல்ட் செய்து முன்பக்கத் துளைகளை அடைத்துத் தேய்த்து மறுபடி குரோம் போடுங்கள். கூரையை வெட்டுவதற்கு ஆகும் உழைப்பில் இது ஒரு பங்குகூட இருக்காது, வண்டியின் முகமே மாறிவிடும்.

அப்புறம் இடைவெளி. இதுதான் உண்மையான வேலை. அந்தக் காலத்தில் பிக்கப் என்றால் உழைக்கிற வண்டி, கதவுக்கும் கேபினுக்கும் நடுவே மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவும் இருந்தால் யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்று சுற்றிலும் ஒரே 4 மில்லிமீட்டர் கொண்டுவர வேண்டுமென்றால், அகலமான இடத்தில் கதவின் ஓரத்தில் மெல்லிய கம்பியை வைத்து வெல்ட் செய்து, பிறகு கிரைண்டரால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுக்க வேண்டும். ஒரே மூச்சில் வெல்ட் அடித்துக்கொண்டு போனால் சூட்டில் தகடு நெளிந்துவிடும், ஆகவே இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி அடுத்த பொட்டு, ஆறவிட்டு மறுபடி நடுவில் ஒன்று. அவசரக்காரருக்கு ஆகாத வேலை. பள்ளம் நிரப்பும் பட்டிப் பசையைத் தடிமனாக அப்பி இடைவெளியைச் சரிசெய்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் கதவு நாலு தடவை அடித்துச் சாத்தியதும் ஓரம் பெயர்ந்து வரும்.

கதவுக்கு மேலே மழைத்தண்ணீர் வழிந்தோட ஒரு விளிம்பு இருக்கிறதே, அதை எடுத்தால் கூரை வழவழவென்று இறங்கும், சரிதான். ஆனால் கூரைத் தகடும் பக்கச் சட்டமும் சேரும் இடமே அதுதான், முதலில் அந்த இணைப்பை வெல்ட் செய்து பிடித்துக்கொள்ளாமல் வெட்டினால் கூரை வாயைப் பிளந்துவிடும். கதவுக் கைப்பிடியை எடுப்பது எனக்குப் பிடிக்காது. பட்டனை அழுத்தினால் கதவு திறக்கும், நல்லதுதான், பேட்டரி இறங்கினால்? விபத்தில் உதவிக்கு ஓடி வருபவர் எதைப் பிடித்துத் திறப்பார்? எடுத்தே தீருவேன் என்றால், அடியில் மறைவாகக் கையால் இழுக்கும் கேபிள் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள்.

செவர்லே சி-10 பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 1967 மாடலில் பக்கவாட்டு விளக்கு கிடையாது, அமெரிக்கப் பாதுகாப்பு விதி வந்ததால் 1968 மாடலிலிருந்து அது ஒட்டிக்கொண்டது. அதை அடைத்து 1967 மாதிரி ஆக்க நிறைய பேருக்கு ஆசை. தெருவில் ஓடும் வண்டி என்றால் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

வெட்டுவதற்கு முன் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, எடுக்கப் போவதை மறைத்து, வண்டியை வெளியே தள்ளி, தூரத்தில் நின்று சில நாள் பாருங்கள். பாதி யோசனைகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

இடைவெளி வேலையைத் தொடங்கும்போது என்ஜின் வண்டியின் அடிச்சட்டத்தில் (சேஸிஸில்) ஏறியிருக்க வேண்டும், வண்டி தன் சக்கரத்தில் நிற்க வேண்டும், புது ரப்பரும் கதவில் மாட்டியிருக்க வேண்டும். வெறும் அடிச்சட்டத்தில் சரியாக இருந்த கதவு எடை ஏறியதும் இறங்கும், புது ரப்பர் அதை வெளியே தள்ளும், பெயின்ட் அடித்த பிறகு தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும். வணக்கம்.