சுவரில் ஒட்டுப் பெயின்ட் ஏன் தனியாத் தெரியுது?

[காட்சி: திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டு ஹோல். இளநீலச் சுவர். டிவி கழற்றிய இடத்தில் நாலு ஓட்டை, மேலே வெள்ளைப் புட்டி.]

ஓட்டையை அடைச்சாச்சு. போன தடவை மிஞ்சின டின்னும் இருக்கு, மூடியில கலர் நம்பரும் இருக்கு. அப்படியே பூசிட வேண்டியதுதானே?

பூசலாம். காய்ஞ்சதும் நாலு இடமும் நாலு பொட்டாத் தெரியும்.

நம்பர் பிழையில்லை. சுவர்தான் மாறிப்போச்சு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பெயின்டின் நிறத்தையும் அதைப் பிடிச்சு வச்சிருக்கிற பசையையும் சேர்த்தே அரிக்கும். வெளிச்சுவரைக் கையால தடவிப் பாருங்க. அரிசி மா மாதிரி ஒட்டினா, பசை போயிட்டுதென்று அர்த்தம். காவி, மண் நிறங்கள் இரும்பு ஒக்சைட்டில் செய்றது, லேசில வெளிறாது. பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும்தான் பெரும்பாலும் முதல்ல போகும்.

[காட்சி: வெள்ளை எனாமல் அடிச்ச கதவு. ஒரு மூலையை அலுமாரி மறைச்சிருந்த தடம்.]

எனாமல் இதுக்கு நேர் எதிர். வெளிச்சம் படாத இடத்திலதான் மஞ்சளாகும். பாருங்க, ஒரே கதவில ரெண்டு வெள்ளை.

அதனால டின்னை விடுங்க, சுவரைக் கடைக்குக் கொண்டு போங்க. புட்டி வச்ச இடத்துக்குப் பக்கத்தில ஈரத்துணியால அழுக்கைத் துடைச்சிட்டு, கூரான பிளேட்டால ரெண்டு விரல் அகலத்துக்குச் சதுரமாக் கீறி, பெயின்ட் தோலைக் கழற்றுங்க. கொஞ்சம் சாந்தும் சேர்ந்து வந்தாப் பரவாயில்லை. சுவிட்ச் மூடிக்குக் கீழே எடுக்காதீங்க. அங்க இருக்கிறது வெயில் காணாத பழைய நிறம், அதைப் பொருத்தினா மறுபடியும் பொட்டுத்தான்.

டவுனில கலர் கலக்கிற மெஷின் உள்ள ஹார்ட்வெயார் கடையில அந்தத் துண்டைக் குடுத்தா, மெஷின் அதில ஒளியை அடிச்சு, திரும்பி வாறதை அளந்து, எந்த நிறம் எத்தனை துளி என்று சொல்லும். மெஷினை முழுசா நம்பவேணாம். கலந்ததில ஒரு பொட்டைத் துண்டு மேலேயே வச்சுக் காய விடச் சொல்லுங்க. எமல்ஷன், அதாவது தண்ணி கலந்து அடிக்கிற சுவர்ப் பெயின்ட், ஈரத்தில வெளிறித் தெரியும், காய்ஞ்சாத்தான் கடும் நிறம் வரும். ஈரத்தைப் பார்த்து 'இன்னும் கொஞ்சம் கடுமையா' என்று கேட்டுக் கெடுக்கிறவங்கதான் அதிகம். காய்ஞ்ச பிறகு கடை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து பாருங்க. கடை லைட்டில ஒன்றாத் தெரியிற ரெண்டு நிறம் பகல் வெளிச்சத்தில பிரியும்.

மினுக்கமும் ஒத்துப்போகணும். சுவர் மினுக்கமில்லாத மட் என்றா மட், லேசா மினுங்கிற சில்க் என்றா சில்க். நிறம் சரியா இருந்தும் மினுக்கம் மாறினா, பக்கவாட்டில நின்று பார்க்கும்போது பளிச்சென்று காட்டிக் குடுக்கும்.

[காட்சி: சின்ன ரோலர், ஓரம் நோக்கி மெல்லியதாகப் போகுது.]

புட்டி பெயின்டை உறிஞ்சும். முதல்ல பிரைமர் ஒரு கோட், பிறகுதான் நிறம். சுவரை ரோலரால அடிச்சிருந்தா நீங்களும் ரோலரால அடிங்க. பிரஷ் கோடு எவ்வளவு சரியான நிறத்தையும் கெடுக்கும். ஓரத்துக்குப் போகப்போகப் பெயின்டைக் குறைச்சு மங்கவிடுங்க.

கச்சான் காற்று அடிக்கிற மாசங்களில விடியக் காலமை வேலையை முடிங்க, மேற்குப் பக்க யன்னலைச் சாத்துங்க. அந்தச் சூட்டுக் காற்றில ஓரம் முந்திக் காய்ஞ்சு கோடாத் தெரியும். மாரி மழையில கீழ்ச்சுவர் உப்புப் பூத்திருந்தா பெயின்ட் பேச்சே வேணாம். உலர்ந்த பிரஷால உப்பைத் தட்டிட்டு, சுவர் காயும்வரை பொறுங்க.

இவ்வளவு செய்தும் வெளிச்சுவரோ, வெயில் நேரா விழுற சுவரோ பொருந்தாமப் போகலாம். அப்போ மூலையிலிருந்து மூலைவரை அந்த ஒரு சுவரை முழுசா அடிச்சிடுங்க. மூலையில ரெண்டு சுவரிலயும் வெளிச்சம் வேற வேற கோணத்தில விழும், கொஞ்ச வித்தியாசத்தைக் கண் பிடிக்காது. 12 அடிக்கு 10 அடி சுவர் என்றா ரெண்டு கோட்டுக்குக் கிட்டத்தட்ட 2 லீற்றர் எடுக்கும். ரெண்டு டின்னா வாங்கினா, ரெண்டையும் ஒரே வாளியில ஊத்திக் கலக்கிட்டுத் தொடங்குங்க.