நாய் வாங்கின எம்.பி.ஏ., கைமாறின 318 மில்லியன் பவுண்டு: சாஃப்ட்வேர் சொதப்பினா நஷ்டஈட்டை யார் கணக்குப் போடுறாங்க?

[திரையில்: கழுத்துல பட்டையோட ஒரு ஷ்னாசர் நாய்]

இவங்க பேரு லுலு. படிப்பு எம்.பி.ஏ. லண்டன் உயர் நீதிமன்றத்துல ஒரு ராட்சச சாஃப்ட்வேர் வழக்கே திசை மாறினதுல இவங்களுக்குப் பங்கு உண்டு.

கதைச் சுருக்கம். 2000-ல பிரிட்டனோட ஸ்கை டிவி, வாடிக்கையாளர் சேவைக்குப் புது சிஸ்டம் கட்டுற வேலையை ஈடிஎஸ்ங்கிற ஐடி கம்பெனிக்குக் கொடுத்துச்சு. சுமார் 48 மில்லியன் பவுண்டு வேலை. இழு இழுன்னு இழுத்து, 2002-ல ஸ்கை அதைத் தன் கைக்கே எடுத்துக்கிச்சு. கேட்ட நஷ்டஈடு 709 மில்லியன். ஆனா ஒப்பந்தத்துல உச்சவரம்பு 30 மில்லியன்தான். அதை உடைக்க ஒரே வழி, மோசடியை நிரூபிக்கணும்.

இங்கதான் லுலு வர்றாங்க. வேலையை ஜெயிச்சுக் கொடுத்த ஈடிஎஸ் அதிகாரி, கரீபியன் தீவான செயின்ட் ஜான்ல இருக்கிற கல்லூரியில எம்.பி.ஏ. படிச்சேன், விமானத்துல போய் வந்தேன்னு கூண்டுல நின்னு விலாவாரியா சொல்றார். அந்தத் தீவுல விமான நிலையமே கிடையாது! ஸ்கையோட வக்கீல் மார்க் ஹோவர்ட், தன் வீட்டு நாய் லுலு பேர்ல அதே ‘கல்லூரி’க்கு ஆன்லைன்ல விண்ணப்பிச்சார். பட்டம் வந்துச்சு. லுலுவோட மதிப்பெண்ணும் அந்த அதிகாரியைவிட அதிகம்! கூண்டுலயே பொய் சொல்றவர் பேச்சை அப்புறம் யார் நம்புவாங்க? (வீடியோவை இங்கேயே நிறுத்தி ஒரு லைக் போட்டுட்டு வாங்க, லுலுவுக்காக.)

2010 ஜனவரியில நீதிபதி ராம்சே தீர்ப்பு சொன்னார். எவ்வளவு நாள்ல முடிப்போம்னு சொன்ன விஷயத்துல ஈடிஎஸ் ஏமாத்தியிருக்கு. அதனால வரம்பு செல்லாது. ஆனா வரம்பு போனதும் 709 மில்லியன் அப்படியே கைக்கு வந்துடலை. கடைசியில சமரசமாச்சு 318 மில்லியனுக்கு. பொய்யைப் பிடிச்சா கதவு திறக்கும், அவ்வளவுதான். உள்ள எவ்வளவு இருக்குன்னு எண்ணிக் காட்ட நிபுணர் சாட்சி வேணும்.

ஒருத்தர் போதாது, ரெண்டு பேர் வேணும். முதல் ஆள் தொழில்நுட்ப நிபுணர். ஒப்பந்தத்துல கேட்டது என்ன, டெஸ்ட்ல கிடைச்சது என்ன, டிக்கெட் (பிழைப் புகார்) நம்பர், எவ்வளவு தீவிரம், யார் தப்பு, எத்தனை நாள் தாமதம்னு வரிக்கு வரி அட்டவணை போடுவார். “நாலாயிரம் பக் (சாஃப்ட்வேர் பிழை) இருந்துச்சு”ன்னு நீதிமன்றத்துல சொன்னா ஒண்ணும் எடுபடாது. அதுல பாதி ஒரே பக்கையே திரும்பத் திரும்பப் போட்டதா இருக்கலாம். மீதியில நிறைய, வாடிக்கையாளரே புதுசா கேட்ட மாற்றமா இருக்கலாம். அதனால தீவிரமான டிக்கெட்டை ஒவ்வொண்ணா திறந்து பார்க்கணும். மத்ததுல எதிர்த்தரப்பும் ஒத்துக்கிற முறையில மாதிரி எடுக்கணும். சண்டை வரும்போலத் தெரிஞ்ச அன்னைக்கே ஜிரா (டிக்கெட் பதிவு), கிட் (கோடு மாற்றங்களோட பதிவு), டெஸ்ட் சர்வர் மூணையும் அப்படியே நகலெடுத்து வெச்சுடுங்க. பில் கட்டாம கிளவுட் அக்கவுண்ட் மூடிட்டா ஆதாரமும் போச்சு.

ரெண்டாவது ஆள் கணக்கு நிபுணர். இவருக்கு ரெண்டு பாதை: கிடைக்காமப் போன லாபம், இல்லைன்னா வீணாப்போன செலவு.

எனக்குப் பிடிச்சது ரெண்டாவது. கல்யாணம் நின்னு போச்சுன்னு வைங்க. மண்டபம், சாப்பாடு, பத்திரிகை எல்லாம் வீண், கேட்கலாம். நகை? அது பீரோவுலதான் இருக்கு, கழிச்சிடணும். அதே மாதிரி லேப்டாப், வேற வேலைக்கு ஓடுற சர்வர், இன்னும் பயன்படுற லைசென்ஸ் எல்லாம் கழியும். “எப்படியும் இந்தக் கல்யாணம் கடன்லதான் முடிஞ்சிருக்கும்”னு எதிர்த்தரப்பு நிரூபிச்சா, கேட்ட தொகை இன்னும் குறையும். பிரிட்டனோட கோ-ஆப் இன்சூரன்ஸ், ஐபிஎம் மேல இப்படித்தான் சுமார் 128 மில்லியன் பவுண்டு கேட்டுச்சு. ஒப்பந்தத்துல லாப இழப்பு கேட்கக்கூடாதுன்னு இருக்கே, இதுவும் அதுக்குள்ள அடங்கும்னு 2021-ல கீழ்க் கோர்ட் தள்ளிடுச்சு. 2022-ல மேல்முறையீட்டு நீதிமன்றம், வீண் செலவு வேற, லாபம் வேறன்னு சொல்லித் திருப்பிடுச்சு. ஆனா அங்கேயும் உச்சவரம்பு சுமார் 80 மில்லியன்ல மறிச்சுது. மோசடின்னு யாரும் நிரூபிக்கலையே!

லாபப் பாதையில ஒரு கண்ணிவெடி: போர்டுகிட்ட அனுமதி வாங்க விற்பனைக்காரங்க போட்ட எக்செல் ஷீட். அதை அப்படியே எடுத்துட்டுப் போனா குறுக்கு விசாரணையில கிழிஞ்சிடும். ஊழியர் சம்பளம் கேட்கணும்னா, அவங்களை வேற வேலையிலிருந்து இழுத்ததால தொழில் கணிசமா பாதிச்சதைக் காட்டணும். டைம்ஷீட் இல்லைன்னா அது ரொம்பக் கஷ்டம்.

சரி, எங்கே உடையும்? ரெண்டு நிபுணர்களும் பேசிக்காத இடத்துல. மொத்தத் தாமதம் 12 மாசம்னு வைங்க. தொழில்நுட்ப நிபுணர், அதுல 7 மாசம்தான் சாஃப்ட்வேர் கட்டின கம்பெனியோட தப்புங்கிறார். கணக்கு நிபுணரோ 12 மாசத்துக்கும் இழப்பு போட்டு வெச்சிருக்கார். முடிஞ்சது கதை. அதனால மாசத்தை ஒரே கட்டத்துல மாத்துற மாதிரி எக்செல் ஷீட் கட்டணும். நீதிபதி 7-ன்னு சொன்னாலும் 4-ன்னு சொன்னாலும் உடனே தொகை வரணும்.

கழிக்கிறதுல இன்னொரு ருசியான வழக்கு, இங்கிலாந்தோட செயின்ட் ஆல்பன்ஸ் நகராட்சி. ஐசிஎல் கம்பெனி சாஃப்ட்வேர் மக்கள்தொகையை 2,966 பேர் கூட்டிக் காட்டிடுச்சு. அதை நம்பி, ஆளுக்கு இவ்வளவுன்னு வசூலிக்கிற தலைவரியைக் குறைவா நிர்ணயிச்சுட்டாங்க. கீழ்க் கோர்ட் 13 லட்சம் பவுண்டுக்கு மேல கொடுத்துச்சு. 1996-ல மேல்முறையீட்டுல 4,84,000 பவுண்டு கழிஞ்சுது. ஏன்னா அந்தப் பணத்தை அடுத்த வருஷ வரியிலேயே அதே மக்கள்கிட்ட வசூல் பண்ண முடியும். ஆள்கணக்கு கூடினதால, மேல்மட்ட உள்ளாட்சியான கவுன்ட்டி கவுன்சிலுக்கு அதிகமாக் கட்டினது மட்டும் உண்மையான நஷ்டமா நின்னுச்சு.

இங்கிலாந்துல ஃபீஸ் கொடுக்கிறது நீங்களா இருந்தாலும் நிபுணரோட கடமை கோர்ட்டுக்குத்தான். விசாரணைக்கு முன்னாடி ரெண்டு தரப்பு நிபுணர்களும் வழக்கமா வக்கீல் இல்லாம உட்கார்ந்து, எதுல ஒத்துப்போறோம், எதுல இல்லை, ஏன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவாங்க. அப்பவே “பொறுப்பு யார்னு கோர்ட் சொல்லட்டும், கூட்டல் கழித்தல் சரி”ன்னு எண்களை மட்டும் ஒத்துக்கலாம். அதைச் செஞ்சா பல நாள் வாதம் மிச்சம்.

உங்க ஒப்பந்தத்துல உச்சவரம்பு எவ்வளவுன்னு கமென்ட்ல போடுங்க. கம்பெனி பேரைப் போட்டுடாதீங்க, வேலை போயிடும்!